எண்டோமெட்ரியோசிஸ்: ஆபரேஷனுக்குப் பிறகு மாத்திரையை நிறுத்தலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மார்ச் மாதம் எண்டோமெட்ரியோசிஸ் விழிப்புணர்வு மாதம் என்பதால் நாளிதழ்களில் இந்த நோயைப் பற்றிக் கட்டுரைகள் வருகின்றன. மாதவிலக்கு வலியைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை, ஸ்கேன் எடுங்கள், தேவைப்பட்டால் லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழி அறுவை) செய்துகொள்ளுங்கள் என்பது வரை சரியாகவே எழுதுகிறார்கள். பெரும்பாலும் அத்தோடு கட்டுரை முடிந்துவிடுகிறது. குமரி மாவட்டத்துப் பெண்கள் தடுமாறுவது அதற்கு அடுத்த கட்டத்தில்தான். தையல் ஆறி வீட்டுக்கு வந்தபின், எழுதிக்கொடுத்த ஹார்மோன் மாத்திரையை இரண்டு மூன்று மாதத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு அதே வலி, சினைப்பையில் பழைய ரத்தம் தேங்கும் அதே ‘சாக்லேட் கட்டி’. மறுபடி ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனைக்கோ திருவனந்தபுரத்துக்கோ பஸ் ஏறுகிறார்கள். மகளிர் நல மருத்துவம், செவிலியர் பணி, மருந்துக்கடை என்று மூன்று இடங்களிலிருந்தும் இதைப் பார்க்கிறவர்கள் சேர்ந்து இந்தக் கடிதத்தை எழுதுகிறோம்.

கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, மாத்திரை எதற்கு என்று கேட்காத குடும்பம் கிடையாது. நியாயமான கேள்விதான். இந்த நோயில் கருப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே ஊன்றிக்கொள்கிறது. நோய் கடுமையாக இருந்தால் சினைப்பை, கருப்பைக்கும் மலக்குடலுக்கும் இடைப்பட்ட பகுதி, சிலருக்குக் குடல் சுவர், சிறுநீர்ப்பை என்று பரவியிருக்கும். டிஸ்சார்ஜ் சீட்டில் ‘நிலை 4’ என்று எழுதியிருப்பது இதைத்தான். அறுவை செய்பவர் கண்ணுக்குத் தெரிந்ததை வெட்டி எடுக்கலாம், ஒட்டியிருக்கும் உறுப்புகளைப் பிரித்துவிடலாம். கண்ணுக்குத் தெரியாத துணுக்குகளை அவராலும் எடுக்க முடியாது. சினைப்பை வேலை செய்யும் வரை மாதாமாதம் முட்டை வெடிக்கும், ஈஸ்ட்ரோஜன் சுரக்கும், மாதவிலக்கு ரத்தத்தில் கொஞ்சம் கருக்குழாய் வழியாக வயிற்றுக்குள்ளும் போகும். மிச்சமிருக்கும் திசுவுக்கு இதெல்லாம் தீனி. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்குப்படி, ஆபரேஷன் முடிந்து 2 ஆண்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கும், 5 ஆண்டில் 40 முதல் 50 சதவீதம் பேருக்கும் நோய் திரும்புகிறது. திரும்பினால் மறுபடி வெட்டிக்கொள்ளலாம் என்பதும் சுலபமான வழியல்ல. சினைப்பையிலிருந்து கட்டியின் தோலை உரிக்கும் ஒவ்வொரு தடவையும் அதோடு நல்ல முட்டைகளும் போகும். முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச். என்ற ரத்தப் பரிசோதனை அளவு இறங்குவது அதனால்தான்.

ஹார்மோன் சிகிச்சை முட்டை வெடிப்பையும் மாதவிலக்கையும் அடக்கி வைக்கிறது. ஒட்டுகளை அது கரைக்காது. பெரிய கட்டியை இல்லாமல் ஆக்கிவிடாது. நோயை வேரோடு தீர்க்கும் மருந்தும் அல்ல. வலியைக் கட்டுக்குள் வைத்து அடுத்த கட்டி வருவதைத் தடுப்பதுதான் அதன் வேலை, அதை நன்றாகவே செய்கிறது. ஐரோப்பிய மனித இனப்பெருக்க, கருவியல் சங்கத்தின் 2022 வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது: சாக்லேட் கட்டி எடுத்தவர், உடனே குழந்தை வேண்டாம் என்றால், நீண்டகால ஹார்மோன் சிகிச்சை எடுக்க வேண்டும். மாதவிலக்கு வலி திரும்பாமலிருக்க ஹார்மோன் காப்பர்-டி (கருப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம்) அல்லது கூட்டு மாத்திரை (இரண்டு ஹார்மோன் சேர்ந்தது) குறைந்தது 18 முதல் 24 மாதம். கவனியுங்கள், குறைந்தது. மூன்று மாத கோர்ஸ் முடித்துவிட்டேன் என்பவர்கள் சிகிச்சையைத் தொடங்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

குழந்தைக்காகவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் கணக்கு வேறு. ஆபரேஷனுக்குப் பின் சில மாதம் ஹார்மோன் போட்டால் கரு நிற்கும் வாய்ப்பு கூடும் என்ற எண்ணம் மருத்துவர்கள் சிலரிடமே இன்னும் இருக்கிறது. அந்த நோக்கத்துக்காக மட்டும் கொடுக்கக் கூடாது என்று அதே வழிகாட்டுதல் சொல்கிறது. மாத்திரை போடுகிற மாதங்களில் கரு நிற்காது, வயதுதான் ஏறும். உடனே முயல வேண்டும். குழாய்கள் அடைத்திருந்தாலோ, விந்தணுக் குறையிருந்தாலோ, ஏ.எம்.ஹெச். இறங்கியிருந்தாலோ நேரே ஐ.வி.எஃப். (சோதனைக்குழாய் முறை) பற்றிப் பேசுவதுதான் காலத்தை மிச்சப்படுத்தும்.

நம் மாவட்டத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கே வருகிறது. கணவர் வளைகுடாவில் இருப்பார், இல்லையென்றால் தூத்தூர் பக்கத்து விசைப்படகில் ஆழ்கடலில் இருப்பார். “அவங்க லீவுக்கு வரும்போது நிறுத்திக்கிடுதேன், போனதும் மறுபடி போட்டுக்கிடுதேன்” என்று பெண்களே ஒரு கணக்குப் போட்டுக்கொள்கிறார்கள். மாத்திரையை நிறுத்திய மறுநாளே முட்டை வந்துவிடாது. முப்பது நாற்பது நாள் லீவில் ஒரு முட்டை வெடிக்கலாம், வெடிக்காமலும் போகலாம். இப்படி விட்டு விட்டுப் போட்டால் குழந்தையும் தங்காது, நோயும் அடங்காது. லீவு தேதி தெரிந்த அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்கூட்டியே மாத்திரையை நிறுத்தி, ஸ்கேனில் முட்டை வளர்வதைப் பார்த்து, தேவைப்பட்டால் அவர் இருக்கும்போதே விந்தை உறையவைத்துச் சேமித்து, அவர் போனபிறகும் சிகிச்சையைத் தொடர வழி இருக்கிறது.

இப்போது அதிகம் எழுதப்படும் மருந்து டையனோஜெஸ்ட் 2 மில்லிகிராம். தினம் ஒன்று, நடுவில் ஒரு நாள்கூட இடைவெளி இல்லாமல். கர்ப்பம் இல்லை என்று உறுதியானால் எந்த நாளிலும் தொடங்கலாம். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது முக்கியமில்லை, ஒரே நேரம் என்பதுதான் முக்கியம். ரப்பர் பால் வெட்டப் போகிறவர்கள் விடியலுக்கு முன் கிளம்பிவிடுவார்கள், அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) போகிறவர்களுக்கும் காலையில் நிற்க நேரமிருக்காது. அதனால் இரவுச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்வது நல்லது. மறந்துவிட்டால் நினைவு வந்ததும் ஒன்று போட்டுவிட்டு மறுநாள் வழக்கமான நேரத்துக்குத் தொடரலாம். இரண்டு நாள் விட்டுப்போனாலும் ஒரு மாத்திரைதான், சேர்த்து இரண்டு மூன்று விழுங்கக் கூடாது. போட்ட 3, 4 மணி நேரத்துக்குள் வாந்தியோ கடும் வயிற்றுப்போக்கோ வந்தால் இன்னொன்று போட வேண்டும்.

மருந்துக்கடையில் நடப்பதையும் சொல்ல வேண்டும். பத்து மாத்திரை ஸ்ட்ரிப்பில் மாதத்துக்கு மூன்று என்று வாங்குகிறவர்களுக்கு 31 நாள் மாதத்தில் ஒரு நாள் இடிக்கும். நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் கேட்டவுடன் கிடைப்பது உள்ளூர்க் கடைகளில் எப்போதும் இருப்பில் இருக்காது. வரவழைக்க இரண்டு நாள் ஆகும், நடுவில் ஞாயிறு வந்தால் மூன்று. இந்த இடைவெளியில்தான் ரத்தப்போக்கு தொடங்கி, மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். ஐந்து மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வையுங்கள். மருந்தின் மூலப்பெயரை எழுத்துக்கூட்டிப் படித்துப் பாருங்கள். டைட்ரோஜெஸ்டிரோன், டெசோஜெஸ்ட்ரல் என்று ஒலியில் நெருங்கிய பெயர்கள் இருக்கின்றன. அவை வேறு மருந்துகள், வேறு அளவுகள். டையனோஜெஸ்டோடு ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையும் உண்டு, அதுவும் இது அல்ல. ஆனால் அதே 2 மில்லிகிராம் டையனோஜெஸ்ட் கம்பெனிக்குக் கம்பெனி பெரிய விலை வித்தியாசத்தில் விற்கிறது. விலை குறைந்த கம்பெனிக்கு மாற்றிக்கொள்வதில் தப்பில்லை. மருத்துவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவரே எழுதித் தருவார்.

மாத்திரையை நிறுத்தவைக்கும் முதல் காரணம் கறை. முதல் மூன்று நான்கு மாதம் சொட்டுச் சொட்டாக, பழுப்பாக, சில நாள் சிவப்பாக, எப்போது வரும் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாமல் படும். “மாசம் அஞ்சு நாள் இருந்தது, இப்ப இருபது நாளு” என்று பயந்து போவார்கள். மாமியாரோ பக்கத்து வீட்டுக்காரரோ உடனே ‘சூடு’ என்று சொல்லிவிடுவார்கள். சூடு ஒன்றுமில்லை. மருந்தால் கருப்பையின் உட்சவ்வு மெலிகிறது, மெலிந்த சவ்வின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் சுலபமாக உடைகின்றன. நாளாக ஆகப் பெரும்பாலோருக்கு இது குறையும், பலருக்கு மாதவிலக்கே நின்றுவிடும். மருந்து வேலை செய்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். உள்ளே ரத்தம் தேங்கிக் கிடக்கிறது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம், அங்கே சேர்வதற்கு ஒன்றும் வளர்வதே இல்லை. மூன்று மாதம் தாண்டியும் தொல்லையாக இருந்தால் மருத்துவர் பார்க்க வேண்டியவை சில: நேரம் தவறுகிறதா, வேறு மருந்து இடிக்கிறதா, கர்ப்பம் இருக்கிறதா, ஹீமோகுளோபின் எவ்வளவு. அதன்பிறகு ரத்தப்போக்கைக் குறைக்கும் டிரானெக்சமிக் அமிலம் சில நாள் கொடுப்பதோ, திட்டமிட்டு சில நாள் இடைவெளி விடுவதோ அவர் முடிவு. மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தால் காத்திருக்க வேண்டாம், அன்றே போக வேண்டும்.

மற்ற தொல்லைகள் தலைவலி, மார்பு கனப்பது, முகப்பரு, முடி உதிர்வது, கொஞ்சம் எடை, மனச்சோர்வு. கடைசியில் சொன்னதை வீட்டார் கவனிக்க வேண்டும். காரணமில்லாமல் அழுகிறாள், எரிந்து விழுகிறாள் என்றால் அது குணமாக இருக்க வேண்டியதில்லை, மருந்தாக இருக்கலாம். முன்பு மனச்சோர்வுக்குச் சிகிச்சை எடுத்தவர் என்றால் தொடங்கும் முன்பே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

டையனோஜெஸ்ட் முட்டையை அடக்கினாலும் கருத்தடை மாத்திரையாக அங்கீகரிக்கப்பட்டதல்ல. அதை நம்பி இருக்கக் கூடாது, ஆணுறை வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான ஃபெனிட்டாயின், கார்பமாசெபின் ஆகியவை இந்த மருந்தைக் கல்லீரலில் வேகமாகச் சிதைத்துவிடும். டி.பி. மருந்து ஆறு மாதம் எடுக்கிறவருக்கு டையனோஜெஸ்ட் ‘கேட்கவில்லை’ என்றால் காரணம் அங்கேதான் இருக்கும். காலில் ரத்தக்கட்டி இப்போது இருப்பவர், கல்லீரல் கட்டி உள்ளவர், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர் இதை எடுக்கக் கூடாது. நாட்டு வைத்தியமும் வர்மமும் செழித்த மாவட்டம் இது, அதோடு சண்டைக்கு நிற்கவில்லை. ஒரு மண்டலம் கஷாயம் குடிக்கப்போகிறேன், அதுவரை இங்கிலீஷ் மாத்திரை வேண்டாம் என்று நடுவில் நிறுத்துவதைத்தான் வேண்டாம் என்கிறோம். குடிக்கிற கஷாயத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

நாரெத்திஸ்டிரோன் இன்னொரு மருந்து. அசிட்டேட் வடிவத்தில் தினம் 5 மில்லிகிராம் என்பது வழக்கமான தொடக்கம், விலையும் குறைவு. மண்டைக்காடு கொடைக்கும் கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கும் முன்னால் ‘நாள் தள்ளிப்போடுற மாத்திரை’ என்று கேட்டு வாங்குகிறார்களே, அதே குடும்பத்து மருந்து. அதனால் ஒரு வேடிக்கை நடக்கிறது. மருத்துவர் ஒரு வருடத்துக்கு எழுதியிருப்பார். கடையில் இருப்பவர், “இது பத்து நாளைக்கு மேல போடக்கூடாதும்மா” என்று பயமுறுத்திவிடுவார். கல்யாணத்துக்காக நாள் தள்ளுவதற்குப் பத்து நாள் போதும். எண்டோமெட்ரியோசிஸுக்கு மாதக்கணக்கில், வருடக்கணக்கில் எடுப்பதுதான் சிகிச்சை. அதேபோல் டையனோஜெஸ்ட் எடுக்கிறவர்கள் திருவிழாவுக்குக் கறை படக்கூடாது என்று இதையும் தாங்களாகச் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

காசு கட்டுப்படியாகாதவர்களுக்கு அரசு வழியிலேயே இரண்டு மருந்துகள் இருக்கின்றன. குடும்பநலத் திட்டத்தில் இலவசமாகத் தரும் மாலா-என் மாத்திரை ஒன்று. அட்டையில் 28 இருக்கும்: 21 ஹார்மோன், 7 இரும்புச்சத்து. எண்டோமெட்ரியோசிஸுக்கு மாதவிலக்கே வராமல் தொடர்ச்சியாக எடுக்கச் சொன்னால், 21 முடிந்ததும் அந்த 7-ஐ விட்டுவிட்டு அடுத்த அட்டையின் முதல் மாத்திரைக்குப் போக வேண்டும். இதைக் கிராம சுகாதாரச் செவிலியரிடம் விளக்கிச் சொல்லாவிட்டால், அவர் வழக்கம்போல் 28 நாளுக்கு ஓர் அட்டைதான் தருவார், 21-ஆம் நாளில் அட்டை காலி. இதில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து நன்றாக நடமாடத் தொடங்கிய பிறகே ஆரம்பிக்க வேண்டும். ரத்த அழுத்தம், கண்ணில் மின்னல் வெட்டுவது போல் வரும் ஒற்றைத் தலைவலி, காலில் ரத்தக்கட்டி வந்த வரலாறு இருப்பவர்களுக்கு ஆகாது.

இன்னொன்று அந்தரா கருத்தடை ஊசி, மூன்று மாதத்துக்கு ஒருமுறை 150 மில்லிகிராம். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கூடாது. நம் வீடுகளில் ஊசி போட்டால் முதலில் செய்வதே அதுதான். நிறுத்தியபின் கருத்தரிக்கக் கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் வரை ஆகலாம், ஆகவே சீக்கிரம் குழந்தை வேண்டும் என்பவருக்கு இது ஏற்றதல்ல. எலும்பு அடர்த்தியும் குறையும். அதே இடத்தில் கிடைக்கும் சாயா கருத்தடை மாத்திரை எண்டோமெட்ரியோசிஸ் மருந்து அல்ல, மாற்றி வாங்கிவிடாதீர்கள்.

தினம் மாத்திரை போட முடியாதவர்களுக்கு எங்கள் முதல் தேர்வு லெவோநார்ஜெஸ்ட்ரல் 52 மில்லிகிராம் கருப்பைச் சாதனம், பேச்சில் ஹார்மோன் காப்பர்-டி. லேப்ராஸ்கோப்பி செய்யும்போதே மயக்கத்திலேயே வைத்துவிடலாம், இன்னொரு தடவை வலிக்காது. செலவு ஒரே தடவை. முதல் 3 முதல் 6 மாதம் கறை படும், பிறகு அடங்கும். ஒரு குறை, இது முட்டை வெடிப்பை எல்லோருக்கும் நிறுத்தாது. வலிக்கு மிக நல்லது. சினைப்பைக் கட்டி திரும்பும் பயம் அதிகம் உள்ளவருக்கு மட்டும் மருத்துவரோடு கலந்து பேச வேண்டும்.

இன்னொரு வழி மாதம் ஒரு லூப்ரோலைடு ஊசி (3.75 மில்லிகிராம்), அல்லது மூன்று மாதத்துக்கு ஒன்று (11.25). இது சினைப்பையைத் தற்காலிகமாகத் தூங்கவைக்கும் வலுவான மருந்து. முதல் ஒன்றிரண்டு வாரம் ஹார்மோன் ஏறி, வலி கூடும். இதைச் சொல்லாமல் அனுப்பினால் அடுத்த ஊசிக்கு ஆள் வராது. பிறகு ஈஸ்ட்ரோஜன் அடிமட்டத்துக்குப் போய், முப்பது வயதில் மாதவிலக்கு முற்றிய பெண்ணைப் போல உடம்பு எரியும், தூக்கம் போகும், எலும்பு தேயும். அதனால் தனியாக 6 மாதத்துக்கு மேல் கொடுப்பதில்லை. கூடவே நாரெத்திஸ்டிரோன் அசிட்டேட் 5 மில்லிகிராமோ ஈஸ்ட்ரோஜன் போலவும் வேலை செய்யும் டிபோலோன் 2.5 மில்லிகிராமோ கொடுத்தால் எரிச்சலும் எலும்புத் தேய்வும் குறையும். ‘ஹார்மோனை அடக்க ஊசி போட்டுவிட்டு ஹார்மோன் மாத்திரையும் தருகிறாரே’ என்று சந்தேகப்பட்டு அந்த மாத்திரையை மட்டும் ஒதுக்கிவிடுகிறார்கள். எலும்பைக் காக்கத் தேவையான ஈஸ்ட்ரோஜன் கொஞ்சம்தான், அந்தக் கொஞ்சம் நோயைத் தூண்டும் அளவுக்குப் போதாது. இந்த இடைவெளியில்தான் இரண்டும் ஒன்றுக்கொன்று இடிக்காமல் வேலை செய்கின்றன. கால்சியமும் வைட்டமின்-டி-யும் பார்த்துக்கொள்ள வேண்டும். முள்ளோடு தின்னும் நெத்திலி நம் ஊரில் மலிவு.

கல்யாணமாகாத பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். பத்தொன்பது வயதுப் பெண்ணின் கைப்பையில் ஹார்மோன் அட்டையைப் பார்த்தால் கேள்வி வரும் என்று தாயே நிறுத்திவிடுகிறார். மாத்திரை போட்டால் பிற்காலத்தில் குழந்தை பிறக்காது என்ற பயமும் சேர்ந்துகொள்கிறது. நிலைமை நேர்மாறு. குழந்தை பிறப்பதற்கு ஆபத்து திரும்பத் திரும்ப வரும் கட்டியும் திரும்பத் திரும்பச் செய்யும் ஆபரேஷனும்தான், டையனோஜெஸ்டை நிறுத்தினால் முட்டை திரும்ப வரத் தொடங்கிவிடும். 12 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்களுக்கு மட்டும் எலும்பைக் கவனிக்க வேண்டும். இந்த வயதினரிடம் நடந்த ஆய்வில் 12 மாதத்தில் முதுகெலும்பு அடர்த்தி சராசரியாக 1.2 சதவீதம் குறைந்தது.

கருப்பையையும் இரண்டு சினைப்பைகளையும் எடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்றும் நினைக்கக் கூடாது. நாற்பது வயதுக்குள் சினைப்பை போனவருக்கு எலும்புக்கும் இதயத்துக்கும் ஹார்மோன் தேவை, இயல்பாக மாதவிலக்கு முற்றும் வயது வரையாவது. கருப்பை இல்லாத மற்ற பெண்களுக்கு ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதும். எண்டோமெட்ரியோசிஸ் இருந்தவருக்கு அப்படிக் கொடுத்தால் உள்ளே மிச்சமிருக்கும் திசு மறுபடி உயிர்பெறலாம், ஆகவே புரோஜெஸ்டோஜன் (டையனோஜெஸ்ட் வகை ஹார்மோன்) சேர்ந்தோ, டிபோலோனாகவோ கொடுக்க வேண்டும். வேறு மருத்துவரிடம் போகும்போது பழைய ஆபரேஷன் சீட்டைக் கட்டாயம் காட்டுங்கள்.

மறுபரிசோதனை ஆறாவது வாரம், மூன்றாவது மாதம், ஆறாவது மாதம், பிறகு வருடம் ஒருமுறை என்பது பொதுவான ஏற்பாடு. ஒரு நோட்டில் தினமும் வலிக்கு 0 முதல் 10 வரை மதிப்பெண்ணும், கறை பட்ட நாளும் குறித்துக்கொண்டு போனால் பத்து நிமிடப் பேச்சு மிச்சம். ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதத்தில் எடுத்த ஸ்கேனில் ‘சாக்லேட் கட்டி’ என்று எழுதி வந்தால் பதறி அடுத்த ஆபரேஷனுக்குத் தேதி வாங்க வேண்டாம். முட்டை வெடித்த இடத்தில் ரத்தம் கட்டினாலும் படத்தில் அப்படித்தான் தெரியும், 6 முதல் 12 வாரம் கழித்து இன்னொரு ஸ்கேன் பார்த்தால் தெரிந்துவிடும். சிறுநீர்க்குழாய் பக்கம் நோய் இருந்தவர்கள் வலியே இல்லாவிட்டாலும் சிறுநீரக ஸ்கேன் எடுக்க வேண்டும். மருந்து வலியை மறைத்திருக்கும், அடைப்பு சத்தமில்லாமல் சிறுநீரகத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், மூச்சு முட்டினால், திடீரென்று தாங்க முடியாத அடிவயிற்று வலி வந்தால் அது மறுபரிசோதனைத் தேதிவரை காத்திருக்கிற விஷயமல்ல.

அரசிடம் கேட்பது இவ்வளவுதான். ஆபரேஷன் செலவுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கிறது. அதன்பின் வருடக்கணக்கில் மாத்திரை வாங்குவது குடும்பத்தின் கையைக் கடிக்கிறது. ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் தக்கலை தலைமை மருத்துவமனையிலும் டையனோஜெஸ்ட் தட்டுப்பாடில்லாமல் இருக்க வேண்டும். நோய் கட்டுக்குள் இருப்பவர்களுக்கு மூன்று மாத மாத்திரையை ஒரே தடவையில் தர வேண்டும். தோவாளையிலிருந்தும் கிள்ளியூரிலிருந்தும் அதற்காக மாதம் ஒரு நாள் கூலியை விட்டு வருகிறார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் மக்களைத் தேடி மருத்துவத்தில் இந்தப் பெண்களையும் சேர்க்கலாம்.

அரசு, தனியார் எதுவானாலும் டிஸ்சார்ஜ் சீட்டில் தமிழில் ஆறு வரி எழுதித் தர வேண்டும்: மருந்தின் மூலப்பெயரும் அளவும், எத்தனை மாதம், முதல் மாதங்களில் கறை பட்டாலும் நிறுத்த வேண்டாம், ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது, எதற்கு உடனே வர வேண்டும், குழந்தை வேண்டும் என்று முடிவெடுத்தால் யாரைப் பார்ப்பது. இதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்தால் போதும்.

இப்படிக்கு,
மகளிர் நல மருத்துவர்கள், செவிலியர்கள், மருந்தாளுநர்கள் சிலர்,
நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம்.